களத்தில் கூடிய மாலைகள்

சம்பா அறுவடை முடிந்து, போரடித்து, நெல்லெல்லாம் வண்டியேறிப் போன பிறகுதான் எங்கள் தெருவில் சிலம்பம் பழகக் கம்பெடுப்பார்கள். தை கடைசியில் தொடங்கும். அறுவடைக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் மண்ணின் ஈரத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும். ஆட்களுக்கு மாலை நேரம் கையில் இருக்கும். சூன் மாதம் மேட்டூர் திறந்து, அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டிப் பாமணியாற்றுக்கு வந்து சேரும்வரை களத்துமேட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பழக்கம் நடக்கும். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை. கம்பு எரவாணத்தில் ஏறிவிடும்.

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கிருந்து மன்னார்குடிப் பக்கம் வரும் பாமணியாற்றின் கரையில் எங்கள் ஊர். 1980களின் தொடக்கத்தில், நான் கம்பு பிடித்தபோது, அது தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 1997-ல் திருவாரூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பெயர் மாறினாலும் வரப்பும் மதகும் ஆற்றங்கரை இருட்டும் அப்படியேதான் இருந்தன.

எங்கள் தெரு விவசாயக் கூலிகளின் தெரு. வாத்தியாரும் அதே தெருக்காரர். பகலில் ஏர் ஓட்டுவார், கட்டுத் தூக்குவார், மடை காப்பார். விளக்கு ஏற்றியதும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் வந்து நிற்பார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கூத்தாநல்லூர்ப் பக்கத்து உஸ்தாத் ஒருவர். அதனால் எங்கள் களத்தில் வணக்கத்துக்குச் சலாம் வரிசை என்றே பெயர். மாரியம்மன் திருவிழாவுக்கும் அதே வரிசைதான், சந்தனக்கூட்டுக்கும் அதே வரிசைதான்.

என்னைக் களத்துக்கு அனுப்பியவள் அப்பாயி. "பொட்டப்புள்ளைக்குக் கம்பு எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "கை ஓங்குறவன் பொண்ணா ஆணான்னு பாத்தா ஓங்குறான்? எங்களுக்கு ஓங்கினப்ப யாரும் பாக்கல." அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வாத்தியார் முதல் மாதம் கையில் கம்பைத் தரமாட்டார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன் மேல் சுவடு வைக்கச் சொல்வார். எந்தக் கால் முன்னே, உடல் பாரம் எந்தக் காலில், திரும்பும்போது குதிகால் எழும்புகிறதா, பெருவிரல் தரையைப் பிடிக்கிறதா. இதுவே பாடம். "ஓடணும்னாலும் கால் வேணும், நிக்கணும்னாலும் கால் வேணும், ஆயி. கம்பு இன்னைக்குக் கையில இருக்கும், நாளைக்கு இருக்காது" என்பார். தரையில் சுவடு நிலைத்ததும் வரப்புக்கு அழைத்துப் போவார். ஒரு சாண் அகல வரப்பு, இரண்டு பக்கமும் பயற்றுக்கொடி. அதில் முன்னும் பின்னும் ஒதுங்கியும் சுவடு வைக்க வேண்டும். வழுக்கிற மண்ணிலும் நிதானம் தப்பாத கால் அப்படித்தான் எங்களுக்கு வாய்த்தது.

கம்பு அவரவர் நெற்றி உயரம். முற்றிய மூங்கிலை வெட்டி, பூச்சி விழாமலிருக்க ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, அனலில் காட்டி நெளிவெடுத்து, எண்ணெய் பூசித் தருவார். பிறகு வீச்சு, தட்டு, குத்து, வாரல் என்று ஒவ்வொன்றாக வரும். வேகம் கேட்கவே மாட்டார். மெதுவாகச் சுற்றும்போது மூச்சு சீராக இருக்கிறதா என்பதையே கவனிப்பார். மூச்சு மேலே ஏறினால் உடனே நிறுத்தச் சொல்வார். கொஞ்ச நேரம் நின்று, வயிறு விரிய மூச்சிழுத்து, மெல்ல விட்டு, மறுபடி தொடங்க வேண்டும்.

பார்வைக்கும் அவரிடம் ஒரு பாடம் உண்டு. எதிராளியின் கம்பு நுனியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அவருடைய நெஞ்சைப் பார்த்தால் தோளும் இடுப்பும் காலும் ஒரே பார்வையில் அடங்கும். தோள் அசையாமல் கம்பு வராது. அதனால் தோளைப் பிடித்தவருக்கு வருகிற அடி முன்கூட்டியே தெரியும். கம்பு முனையில் கரி பூசி இருவரை எதிரெதிரே நிறுத்துவார். உடம்பில் கரி பட்டால் பட்டவர் வெளியேற வேண்டும். கரி படாமல் அதிக நேரம் நின்றவரைத்தான் பாராட்டுவார்; எதிராளி மேல் கரி வைத்தவருக்குப் பாராட்டு அதற்கு அடுத்தபடிதான். தற்காப்பில் எது முதல், எது இரண்டாவது என்ற வரிசை எங்கள் மனதில் விழுந்தது அங்கேதான்.

பழக்கம் முடிந்த பிறகு நடப்பதை விளையாட்டு என்று நினைத்திருந்தோம். எல்லோரையும் தரையில் உட்காரவைத்துக் கேட்பார்: "இன்னைக்குக் களத்துக்கு வெளிய யார் யார் நின்னு பாத்தா? யார் பாதியில போனா? வராதது யாரு, ஏன் வரல?" பதில் சொல்லியாக வேண்டும். பிறகு கலைகிற முறை. யாரும் தனியாகப் போகக் கூடாது. கடைசி வீட்டுப் பிள்ளைகள் முதலில் கிளம்புவார்கள். வழியில் உள்ளவர்கள் கூடவே போவார்கள். வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். கடைசிக் குரல் வரும்வரை வாத்தியார் விளக்கை அணைக்க மாட்டார். ஒரு குரல் தாமதமானால் இரண்டு பேர் கம்போடு அந்தப் பக்கம் போவார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாயியின் காலத்துக்குப் போக வேண்டும். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும், சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைப்பதும் கீழத்தஞ்சையில் தண்டனையாக நடந்த காலம் அது. 1943-ல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் தெருத் தெருவாக நடந்து, அடித்தால் திருப்பி அடியுங்கள் என்று சொன்னார். அப்பாயிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கலாம். அந்தப் பேச்சைக் கேட்ட இரவைப் பற்றி அவள் சொல்லும்போது ஆவேசம் இருக்காது. கணக்குச் சொல்வதுபோல் சொல்வாள். "திருப்பி அடின்னு ஒருத்தர்கிட்ட சொன்னா அவன் செத்துப்போவான். தெருவுக்கே சொன்னாரு. அதனாலதான் பொழச்சோம்."

1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் எங்கள் தெருவுக்கு உண்மையான காவலாக இருந்தது ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும் என்ற நிச்சயம்தான் என்பாள் அப்பாயி.

அந்த நிச்சயத்துக்கும் எல்லை உண்டு என்பதை இந்த மண் கொடூரமாகக் கண்டது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களின் தெருவைத் தாக்கினார்கள். ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வாத்தியார் அப்போது இளவட்டம். சேதி வந்த மறுநாள் முதல் எங்கள் தெருவில் மாலைப் பழக்கம் ஒழுங்காக நடக்கத் தொடங்கியதாகச் சொன்னார். துப்பாக்கிக்கும் தீக்கும் எதிரே கம்பு என்ன செய்யும் என்று ஒருமுறை கேட்டேன். "கம்பு ஒண்ணும் செய்யாது ஆயி. கம்பைச் சாக்கா வச்சுத் தெனம் கூடுறோமே, அதுதான் செய்யும். யார் வீட்ல யார் இருக்கா, எந்த வழியா வெளியேறலாம், யாரால ஓட முடியாது, யாரு யாரைத் தூக்கணும். இதெல்லாம் தெனம் கூடுனாத்தான் தெரியும்" என்றார்.

பின்னாளில் நான் கிராம சுகாதார செவிலியர் ஆனேன். ஊர் ஊராகச் சைக்கிளில் போகும் வேலை. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பிரசவமான வீட்டுக்குப் போய் வருவது. திரும்புகையில் பொழுது சாய்ந்துவிடும். ஆற்றங்கரைப் பாதையில் ஒரு பக்கம் மூங்கில் கொத்து, மறுபக்கம் தண்ணீர். களத்தில் கற்ற ஒவ்வொன்றும் அங்கே எனக்கு வேலைக்கு வந்தது. வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பேன். மதகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, பக்கத்து மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். அதற்குப் பயம் காரணம் இல்லை. வரப்பில் நடக்கும்போது கண் தானாகத் தரையைத் துழாவுகிற பழக்கத்தின் தொடர்ச்சி அது. நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உள்ள வயல்களில் டார்ச் இல்லாமல், பார்க்காமல் கால் வைக்க மாட்டோம். பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்குவோம். மனிதர்கள் விஷயத்திலும் அதே நிதானம் தேவைப்படுகிறது.

ஓர் ஐப்பசி மாலை. மழை விட்டிருந்தது. மதகுக்கு அருகே பைக்கில் வந்த இரண்டு பேர் குறுக்கே நிறுத்தினார்கள். குடித்திருந்தார்கள். ஒருவன் இறங்கி என் சைக்கிள் கைப்பிடியைப் பிடிக்க வந்தான். நான் இறங்கிச் சைக்கிளை எனக்கும் அவனுக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினேன். முன்கால் எது, பின்கால் எது என்று உடம்பு தானே பார்த்துக்கொண்டது. நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. ஒரு மூச்சை வயிறுவரை இழுத்து விட்டேன். அவன் நெஞ்சைப் பார்த்தேன். பிறகு முழுக் குரலில் மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டேன்: "சித்தப்பா! மதகாண்ட வாங்க!" கொட்டகையில் இருந்தவர் எனக்குச் சித்தப்பா முறையும் இல்லை, அவர் காதில் விழுந்ததா என்பதும் அந்த நொடியில் தெரியாது. ஆனால் கொட்டகையிலிருந்து டார்ச் வெளிச்சம் அசைந்து வந்தது. அதற்கு அடுத்த வயலிலிருந்தும் ஒரு குரல் வந்தது. பைக் கிளம்பிப் போனது. என் கையில் கம்பு இல்லை. யாரையும் நான் அடிக்கவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பற்றிச் செவிலியராக ஒன்று சொல்ல வேண்டும். ஆபத்தில் அட்ரினலின் பெருகும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலேறும், பார்வை குறுகி எதிரில் உள்ள ஒன்றே தெரியும், விரல்நுனி வேலைகள் தடுமாறும். பூட்டைத் திறப்பதும் போனில் எண்ணை அழுத்துவதும்கூடக் கடினமாகிவிடும். சிலருக்கு உடல் அப்படியே உறைந்து, கத்தக்கூடக் குரல் வராது. அப்படி உறைந்துபோன பெண்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். "ஏன் கத்தலை, ஏன் ஓடலை" என்று உறவுக்காரர்களே அவர்களைக் குடைந்தெடுப்பார்கள். உறைவது நரம்பு மண்டலத்தின் செயல். அதில் சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் அந்தப் பெண் இரண்டாவது முறை தாக்கப்படுகிறாள்.

பயிற்சி அந்தப் படபடப்பை இல்லாமல் செய்வதில்லை. படபடப்பு வரும்போதும் செய்யக்கூடிய சில எளிய காரியங்களை உடம்பில் பதித்து வைக்கிறது: கால் வைப்பது, மூச்சை இறக்குவது, இடைவெளி விடுவது, குரல் எடுப்பது. நடுங்கும் விரலால் செய்ய வேண்டியது இவற்றில் எதுவும் இல்லை. அதனால்தான் வாத்தியார் மெதுவாக, திரும்பத் திரும்ப, களைத்த உடம்போடும் மங்கிய வெளிச்சத்திலும் இவற்றைச் செய்யவைத்தார். உடலியல் வகுப்பில் அட்ரினலின் பற்றிப் படித்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பாதையோரத்து ஊர்ப் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று முடிவுசெய்திருந்தேன். அவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நான் கடைசி வீட்டிலிருந்து கிளம்பும்போது அடுத்த ஊருக்குச் சேதி போகும். அங்கே ஒருவர் கரையில் வந்து நிற்பார். நடவு முடிந்து திரும்பும் பெண்கள் என்னோடு சேர்ந்தே வரும்படி நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். களத்தில் வீட்டுக்கு வீடு குரல் கொடுத்தது ஊருக்கு ஊர் குரல் கொடுப்பதாக வளர்ந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பாதையில் அப்படியொரு சம்பவம் மறுபடி நடக்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி எங்கள் பக்கத்தைச் சிதைத்துப் போட்டது. முந்தைய நாள் பகலிலேயே எங்கள் தெருவில் நடக்க முடியாதவர்கள், நிறைமாதக்காரிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்துவிட்டார்கள். பட்டியல் எழுத வேண்டியிருக்கவில்லை. களத்தில் பழகிய தலைமுறைக்கு யார் வீட்டில் யாரைத் தூக்க வேண்டும் என்பது மனப்பாடம். மரங்களும் கூரைகளும் போயின. எங்கள் தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இன்று பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு கற்றுத்தர வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு அந்தக் குரல் நாடெங்கும் எழுந்தது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாயின் பெயரில் மூன்று மாதப் பயிற்சி தரப்படுகிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, 112 இருக்கிறது. சிலம்பத்துக்கும் நல்ல காலம் வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எங்கள் தெருப் பிள்ளைகள் சான்றிதழோடு வீடு திரும்பும்போது மனம் நிறைந்துபோகிறது.

ஆனால் மூன்று மாதத்தில் கற்றது நான்காம் மாதத்திலிருந்து தேயத் தொடங்கும். உடம்பு அப்படிப்பட்டது; விட்டால் மறக்கும். பதக்கத்துக்காகப் பழகும் பிள்ளை போட்டி முடிந்ததும் கம்பை மூலையில் சாத்திவிடுகிறாள். வகுப்பில் அவளோடு நின்று பழகியவள் யார் வீட்டுப் பெண் என்றுகூட அவளுக்குத் தெரிவதில்லை. எதிராளியின் கையை முறிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டவளுக்கு, இரவு ஏழு மணிக்கு யாரைக் கூப்பிட்டால் கதவு திறக்கும் என்பது தெரியவில்லை என்றால் பயிற்சி பாதியில் நிற்கிறது என்றே சொல்வேன்.

கற்றுத்தருகிறவர்கள் சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையை இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தந்திருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. வாத்தியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். "விழுந்தவனை அடிக்காத, ஓடுறவனைத் தொரத்தாத" என்று சலாம் வரிசை எடுக்கும்போதே எங்களைச் சொல்லவைப்பார். அந்தப் பிரிவுகளைப் படித்த நாளில், அவர் சொன்னதைத்தான் சட்டம் நீட்டிச் சொல்கிறது என்று பட்டது.

வாத்தியார் காலமாகிவிட்டார். களம் இருந்த இடத்தில் ஊராட்சிக் கட்டடம் வந்திருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு களம் யாருக்கும் தேவைப்படவும் இல்லை. ஓய்வுபெற்ற நான் அந்தக் கட்டடத்தின் முன்வாசலில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டுகிறேன். பெண், ஆண் இருபாலாரும் வருகிறார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். அப்பாயி காலத்தில் அந்தத் தெருவும் எங்கள் தெருவும் ஒரே தரையில் கால்வைத்ததில்லை. இன்று அவர்கள் எதிரெதிரே நின்று கம்பு தட்டுகிறார்கள். கலையும்போது சேர்ந்து நடக்கிறார்கள். தெருவைத் தெருவிடமிருந்து காப்பதற்காகத் தொடங்கிய பழக்கம் இரண்டு தெருவையும் சேர்த்துக் காப்பதாக மாற வேண்டும். இதில் எனக்குள்ள ஆசை அதுதான்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படியொரு மாலைக் களம் வேண்டும் என்று கேட்கிறேன். பெரிய செலவு இல்லை: மேடு பள்ளம் இல்லாத தரை, ஒரு விளக்கு, மாதச் சம்பளத்துக்கு ஒரு வாத்தியார், அவரோடு சேர்ந்து கற்றுத்தர ஒரு பெண் வாத்தியார். வருடம் முழுவதும் நடக்க வேண்டும். வகுப்பு முடிந்தால் எல்லாப் பிள்ளைகளும் வீடு சேர்ந்தார்களா என்று பார்த்த பிறகே வாத்தியார் கிளம்ப வேண்டும். ஒருத்தி மூன்று நாள் வரவில்லை என்றால் யாராவது அவள் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகளில் பல வீட்டுக்குள்ளேயே, தெரிந்தவர் கையாலேயே நடக்கின்றன. அங்கே கம்பு எட்டாது, தேடி வரும் ஒருவரின் கேள்வி எட்டும். ஆபத்து இல்லாத நாட்களில் கூடுகிற ஊர்தான் ஆபத்து வரும் நாளில் ஓடி வரும். எங்கள் தெருவில் நான் கண்டது இது. மற்ற தெருக்களிலும் இது நடக்கும்.